மூச்சு விடாதீங்க

சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, என்ன சாப்பிட்டாய் என்பதுதான். பரோட்டா, பிரியாணி என்று ஏதாவது ஒரு குற்றவாளியைக் காட்டினால் அதைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். தயிர் சாதத்துக்கும் வலிக்கிறது, இட்லிக்கும் வலிக்கிறது என்றால் யாரைத் திட்டுவது? என்னைத்தான் திட்டினார்கள்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இது ஆரம்பித்தது. முடிச்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். கணவருக்குப் பட்டணத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ், தினமும் மின்சார ரயில். எனக்கு மறைமலை நகரில், கார்களுக்கு ரப்பர் ஹோஸ் செய்கிற கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மதியம் கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவி என் மேஜைக்கு வந்து சிறிது நேரம் ஆனதும், விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே, மேல்வயிற்றில், ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்க ஆரம்பிக்கும். நிமிர்ந்து உட்கார முடியாது. மேஜை மேல் குனிந்து, ரிப்போர்ட் எழுதுவது போல நடித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது விட்டுவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப வரும்.

வலி வந்ததைவிட மோசமானது, சாப்பாட்டைக் கண்டால் பயம் வந்தது. தட்டில் சாதம் போடும்போதே வயிறு இறுகும். நாலு வாய்க்கு மேல் உள்ளே போகாது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. கம்பெனியில் பெண்கள் "மேடம், என்ன டயட்? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டார்கள். பட்டினி என்று சொன்னேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

என் நாத்தனார், கணவரின் அக்கா, பொழிச்சலூரில் இருக்கிறார். நல்ல மனுஷி, ஆனால் உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே பெயர்தான். "கேஸ்தாம்மா. வெறும் கேஸ். ஓமத் தண்ணி குடி" என்பார். குடித்தேன். பெருங்காயம் குடித்தேன், சுக்குக் கஷாயம் குடித்தேன். எதற்கும் வலி கேட்கவில்லை. பிறகு ஒரு குடல் டாக்டரிடம் போனதில், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை நடந்தது. இரைப்பை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று குடல் டாக்டர் பாராட்டினார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

தாம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நான் சாப்பிடாதது வெட்ட வெளிச்சமானது. பாயசம் வருவதற்குள் நான் இலையை மூடிவிட்டேன், கூட்டு, பொரியல், வடை எல்லாம் இலைக்குள் அப்படியே இருந்தன. பெண் வீட்டார் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். எதிர் வரிசையில் ஒரு மாமி, "என்ன, விசேஷமா?" என்று கண்ணடித்தார். காலேஜில் படிக்கிற பிள்ளையின் அம்மாவிடம் கேட்கிற கேள்வியா அது? நாத்தனார் என் கணவரின் காதருகே குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது. "பையன் ஹாஸ்டல் போனதுலேருந்துதான் இப்படி. மனசுடா. வயிறு இல்ல."

அன்றிலிருந்து என் கணவர் என்னை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சுருண்டால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "இப்பவுமா?" என்பார். அந்த 'இப்பவுமா'வைக் கேட்டால் எனக்கு வலியைவிடக் கோபம்தான் முதலில் வரும்.

குடல் டாக்டர் கடைசியாக ஒன்று எழுதிக் கொடுத்தார். வயிற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்களை ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். காந்தத்தை வைத்து எடுக்கிற எம்.ஆர். ஸ்கேன். ரத்தக் குழாய்க்குள் டியூப் எதையும் விட வேண்டாம், எக்ஸ்ரே கதிர் கிடையாது, கையில் ஓர் ஊசி வழியாக மருந்து மட்டும் ஏற்றுவார்கள்.

இதைக் கணவர் போனில் தன் அக்காவிடம் சொன்னபோதுதான் அடுத்த குழப்பம். நம் ஊரில் ரத்தக் குழாய்க்கும் நரம்புதான் பெயர். ஊசி போடுகிற நர்ஸ் "நரம்பு கிடைக்கல" என்கிறாள் அல்லவா, அந்த நரம்பு. "வயித்து நரம்புல அடைப்பு இருக்கான்னு பாக்கறாங்க" என்று இவர் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து "ஐயய்யோ, நரம்புத் தளர்ச்சியா?" என்று குரல் வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கிற லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்கள் ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டேன். அந்த மாதங்களில் நான் சிரித்தது அபூர்வம்.

ஸ்கேன் சென்டர் மேற்குத் தாம்பரத்தில் இருந்தது. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். என் தாலிக்கொடியில் எப்போதும் ஒரு கொத்து ஊக்குகள் தொங்கும், புடவை கட்டுகிற எல்லாருக்கும் இருப்பதுதான். நாத்தனார் முன்னேற்பாடாக ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு முடிந்து அனுப்பியிருந்தார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் கொடியைக் கழற்றினேன். கணவர் அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மெஷினை இயக்கியவர் இளைஞர், காலையிலிருந்து ஓயாமல் வேலை செய்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"மேடம், ஒண்ணுமே இல்ல, சிம்பிள். நான் மைக்ல சொல்லுவேன். மூச்சு விடுங்கன்னா விடுங்க. மூச்சு விடாதீங்கன்னா விடாதீங்க. ஆடக் கூடாது, அவ்ளோதான்."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? குழாய்க்குள் என்னைத் தள்ளினார்கள். தடதடவென்று சத்தம். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவர் குரல் வந்தது. "மூச்சு விடுங்க." விட்டேன். அதாவது எப்போதும் போல் சுவாசித்தேன். "மூச்சு விடாதீங்க." உடனே நெஞ்சு முட்டக் காற்றை இழுத்து, தண்ணீரில் முங்குகிறவள் மாதிரி, துளிகூட வெளியே விடாமல் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, விடவில்லை. ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தேன்.

"சூப்பர் மேடம். நல்லா புடிச்சீங்க" என்றார் அவர், வெளியே இழுக்கும்போது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குறிப்பிடத்தக்க அடைப்பு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. குடல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, மெதுவான குரலில், என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துப் பேசினார். "இனி தேடறதுக்கு ஒண்ணும் இல்ல சார். சில சமயம் மனசோட கஷ்டம் வயித்துல தெரியும். ஒரு கவுன்சலிங் போய்ட்டு வாங்க." கணவர் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பெண்டாட்டிக்கு வியாதி இல்லை என்று நிம்மதிப்படுகிற கணவனைக் குறை சொல்ல முடியுமா? எனக்கு அந்த நிம்மதியை அறைய வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு நான் வலியை மறைக்கக் கற்றுக்கொண்டேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. ஊரே சொல்கிறது, டாக்டர் சொல்கிறார், அத்தனை பெரிய மெஷின் சொல்கிறது. ஒருவேளை நான்தான் பைத்தியமோ? அந்த நினைப்பு வந்த அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மறுநாள் ரிப்போர்ட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களுக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன். கணவரும் வந்தார், வேண்டாவெறுப்பாக.

அந்த டாக்டர் படத்தை உடனே பார்க்கவில்லை. படுக்கச் சொன்னார், மேல்வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"உள்ள இருக்கிற காத்த எல்லாம் வெளிய ஊதுங்க. இன்னும். இன்னும். காலியாயிடுச்சா? அப்படியே நிறுத்துங்க."

வெகுநேரம் கேட்டார். பிறகு இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார். திரும்ப ஊதச் சொன்னார்.

"ஸ்கேன் எடுக்கறப்ப இப்படித்தான் மூச்ச வெளிய ஊதிட்டு நிறுத்தினீங்களா?"

"இல்ல சார். மூச்சு விடாதீங்கன்னாங்க. நல்லா இழுத்துப் புடிச்சுக்கிட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கு முன்னாடி மூச்சு விடுங்கன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. விட்டேன். எப்பவும் விடற மாதிரி."

"அவர் வெளிய விடச் சொல்லியிருக்கார். நீங்க சுவாசிக்கச் சொல்றார்னு எடுத்துக்கிட்டீங்க" என்றார். "மூச்சு விடாதீங்கன்னா நம்ம ஊர்ல எல்லாரும் இழுத்துத்தான் புடிப்பாங்க. உங்க மேலயும் தப்பு இல்ல, அவர் மேலயும் தப்பு இல்ல."

பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையில் ஒரு பட்டை உண்டு. சிலருக்கு அது கொஞ்சம் கீழே இறங்கி, இரைப்பைக்குப் போகும் ரத்தக் குழாயை மேலிருந்து அழுத்தும். மூச்சை இழுத்தால் குழாய் கீழே நகர்ந்து தப்பித்துக்கொள்ளும். மூச்சை வெளியே விட்டால் மேலே போய் மாட்டிக்கொள்ளும். "நீங்க இழுத்துப் புடிச்சப்போ அது விலகியிருக்கலாம். அந்த நேரம் பாத்துப் படம் எடுத்திருக்காங்க. படம் பொய் சொல்லல. நேரம்தான் தப்பு. இப்ப வயித்துல ஒரு சத்தம் கேக்குது, ஆனா சத்தத்த மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

எனக்கு இது சட்டென்று புரிந்தது. எங்கள் கம்பெனியில் ஹோஸை மேஜையில் நீட்டி வைத்துப் பார்த்தால் எல்லாமே பாஸ்தான். காரில் எப்படி வளையுமோ அப்படி வளைத்து, உள்ளே தண்ணீரை ஓட விட்டுப் பார்த்தால்தான் எது மடங்குகிறது என்று தெரியும்.

அதே ஸ்கேனை மூச்சை வெளியே விட்டு இன்னொரு முறை எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஆபரேஷன் வரைக்கும் யோசிப்பதானால், பழைய முறை ஆஞ்சியோவில் ரத்தம் ஓடுகிறதை நேராகப் பார்ப்பது நல்லது. தொடையிடுக்கில் ரத்தக் குழாயில் மெல்லிய டியூபை நுழைத்து, வயிறு வரை கொண்டுபோய், மருந்தைப் பீய்ச்சி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். "அது போட்டோன்னா இது சினிமா. நீங்க மூச்சு விடறதையும் சேத்தே பாக்கலாம். ஆனா அதுல இல்லாத ரிஸ்க் இதுல இருக்கு. குத்தின இடத்துல ரத்தம் கட்டலாம், மருந்து ஒத்துக்காம போகலாம், கிட்னியப் பாத்துக்கணும். அப்புறம் இன்னொண்ணு. இந்த அழுத்தம் இருக்கிற எல்லாருக்கும் வலி வரதில்ல. சரி பண்ணின எல்லாருக்கும் வலி போறதும் இல்ல. முன்னாடியே சொல்லிடறேன்."

திரும்பி வரும் வழியில், தாம்பரம் மேம்பாலத்தின் நெரிசலில் ஸ்கூட்டர் நின்றபோது கணவர் பேசினார்.

"ஒண்ணும் இல்லன்னு ஒரு மெஷின் சொல்லியாச்சு. குத்தாம கிழிக்காம சொல்லிடுச்சு. இதுக்கு மேல ரத்தக் குழாய்ல டியூப் விட்டுத்தான் பாக்கணுமா? ஏதாவது ஆயிட்டா?"

"ஆகட்டும்."

"இதுலயும் நார்மல்னு வந்தா?"

"வந்தா நீங்க சொல்ற டாக்டர்கிட்ட வரேன், கவுன்சலிங். அதுக்கப்புறம் வலிக்குதுன்னு வாயத் திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. இதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் ஆயுசுக்கும் பாத்ரூம் குழாய்ச் சத்தத்துக்குள்தான் நான் அழ வேண்டும்.

ஆஞ்சியோ என்ற சொல் எங்கள் குடியிருப்பில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கணவர் கீழ்வீட்டுக்காரரிடம் "வைஃபுக்கு ஆஞ்சியோ" என்று சொல்லியிருக்கிறார். ஆஞ்சியோ என்றால் நெஞ்சு, வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது. அவ்வளவு காலம் வயிற்றுவலிக்கு எட்டிப் பார்க்காத ஜனம் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வந்து நின்றது. "இந்த வயசுலேயே ஹார்ட்டா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லை, வயிறு என்று சொன்னால், "ஓ, வயிறுதானா" என்று குரல் இறங்கியது. சிலர் சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார்களோ என்றுகூடத் தோன்றியது.

நான் கடவுளிடம் கேட்டதை இங்கே மறைக்கப் போவதில்லை. முருகா, அடைப்பு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தனக்கு வியாதி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு ஒருத்தி வந்துவிட்டாள் என்றால் அவளைச் சுற்றி இருக்கிறவர்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டாமா?

ஆஞ்சியோவுக்குப் போன அன்று மறுபடியும் மஞ்சள் கயிறு, மறுபடியும் கைக்குட்டைக்குள் கொடி. குளிரூட்டிய அறை, உடம்பு நடுங்கியது. ஸ்கேன் சென்டரில் கையில் ஓர் ஊசியோடு விட்டார்கள், இங்கே தொடையில் ஊசி இறங்கியது, டியூப் நகர்வது வலியில்லாமல், ஆனால் அருவருப்பாகத் தெரிந்தது. தலைக்கு மேல் எக்ஸ்ரே மெஷின், பக்கத்தில் பெரிய திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அறை. டாக்டர் என் கணவரை அங்கே வந்து நிற்கச் சொல்லியிருந்தார்.

"இழுங்க. புடிச்சுக்கோங்க."

மருந்து போனது. வயிற்றுக்குள் வெந்நீர் ஊற்றியது போலச் சூடு பரவியது. திரையில் கறுப்பாக ஒரு தண்டு, அதிலிருந்து கிளைகள். எல்லாம் ஒழுங்காக, தாராளமாக இருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கணவரைப் பார்த்தேன், அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எல்லாத்தையும் வெளிய ஊதுங்க. காலி பண்ணுங்க. காலி பண்ணிட்டு நில்லுங்க."

ஊதினேன். முதுகெலும்போடு வயிறு ஒட்டுகிற வரைக்கும் ஊதினேன். திரையில் அந்த முதல் கிளை மேலே எழும்பி, ஏதோ கண்ணுக்குத் தெரியாத விரல் அமுக்கியது போல வளைந்து, கொக்கி மாதிரி ஆகி, அந்த வளைவில் நூலாக மெலிந்தது. அதற்கு அப்பால் மருந்து தயங்கித் தயங்கித்தான் போனது.

"இழுங்க" என்றார் டாக்டர். விரிந்தது. "ஊதுங்க." நெரிந்தது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை, கண்ணீர் காதுக்குள் ஓடியது. "சிரிக்காதீங்க, வயிறு ஆடுது" என்று டாக்டர் அதட்டினார். பிறகு என்னை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிய ஆயா, "இன்னாமா நீ, அடைப்பு கீதுன்றாங்கோ, சிரிச்சிகினு கீறே?" என்றார்.

வார்டில், குத்திய காலை மடக்காமல் நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கணவர் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பாத்தேன்" என்றார்.

"என்ன பாத்தீங்க?"

"நெரியுறத. மூச்சு விடறப்பல்லாம்." என் காலடிப் போர்வையை இழுத்துச் சரி செய்தார். பிறகு, "ரொம்ப வலிச்சிருக்குமேம்மா" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. சொன்னேனே! எத்தனை தடவை சொன்னேன்! என் வாய் சொன்னபோது நம்பாததை ஒரு திரை சொன்னதும் நம்பிவிட்டீர்களே! வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காலை அசைக்கக் கூடாதே. கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, கொடியை என் தலையணை ஓரத்தில் வைத்தார். ஊக்குகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷனில் அந்தப் பட்டையை வெட்டி, குழாயை விடுவித்தார்கள். வலி போகுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் டாக்டர். முதல் நாள் சொன்னதையே திரும்பவும் சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து, கஞ்சியும் கூழுமாக நாட்கள் ஓடி, கட்டி ஆகாரம் சாப்பிடலாம் என்று அனுமதி கிடைத்த அன்று காலை கணவர் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். அவரே இட்லி வேக வைத்தார். ஓரம் கொஞ்சம் இறுகிப் போயிருந்தது. பேப்பர் மடித்தது மடித்தபடி சோபாவில் கிடந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் மெல்லுவதையும் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வழக்கமாக வலி வருகிற நேரம் நெருங்கியது. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணை மூடி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியே ஊதி, காலியானதும் அப்படியே நிறுத்தினேன்.

"வலிக்குதா?" என்று பதறி எழுந்தார் அவர்.

இப்பவுமா என்று கேட்கவில்லை. வலிக்குதா என்று கேட்டார். காற்றை இழுத்துக்கொண்டுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

"இல்ல."

"மறைக்காத. சொல்லு."

"இல்லைங்க."

"எனக்காகச் சொல்லாதம்மா. ஆஸ்பத்திரிக்கு வேணா போய்ட்டு வந்துடலாம். ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே?"

"ஏங்க, நிஜமாவே வலிக்கல" என்றேன்.

அவர் நம்பவில்லை.